ஏலத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டியவை

வராக்கடனுக்காகக் கைப்பற்றிய வீடுகளையும் தோப்புகளையும் ஏலம் விடும் வங்கி மீட்புப் பிரிவில், நாகர்கோவிலை மையமாகக் கொண்டு பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். இணையவழி ஏலம் பரவலாவதற்கு முன்பு எங்கள் ஏலங்கள் கிளையின் கூட்ட அறையில், ஆட்கள் நேரில் வந்து கேட்கும் முறையில்தான் நடந்தன. ஏலம் கேட்க வருபவர் படும் சிரமத்தில் பெரும்பகுதி, 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவும் அந்த அரை மணி நேரத்தைச் சேர்ந்தது அல்ல என்பதே அங்கே நான் கண்டது. செய்தித்தாளில் அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. சொத்து எங்கே எப்படி உள்ளதோ அப்படியே விற்கப்படும் என்ற நிபந்தனை அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பின்னால் தெரியவரும் குறைகளுக்கு வங்கி பொறுப்பாகாது என்பதற்காகப் போடப்பட்ட அந்த வரியைக் கவசமாக வைத்துக்கொண்டு, முன்பே தெரிந்த குறைகளையும் வெளியே சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம்.

விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடனைக் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் அதே ஆண்டில் வந்த விதிகளில் 8ஆவது விதி, வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்களையும், வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியவை என்று அதிகாரி கருதும் பிற விவரங்களையும் ஏல அறிவிப்பில் சேர்க்கச் சொல்கிறது. முதல் ஏலத்துக்கு 30 நாள், அது போணியாகாமல் மறுபடி விடும்போது 15 நாள் என்று அவகாசமும் வைத்திருக்கிறது. அவ்வளவு நாளும் வாங்குபவர் விசாரிப்பதற்காகத்தான். ஆனால் அவர் கிளைக்கு வந்து கேட்டால், 'எல்லாம் அறிவிப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

குமரி மாவட்டத்துச் சொத்துகளில் விசாரிக்க வேண்டியது மற்ற இடங்களைவிட அதிகம். பட்டாவில் உள்ளபடி பரப்பை ஹெக்டேரிலும், அதில் நூறில் ஒரு பங்கான ஏரிலும் அச்சிடுவோம். வாங்க வருபவர் சென்ட் கணக்கில்தான் நிலத்தை நினைப்பார். 4.05 ஏர் என்பது பத்து சென்ட் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த இந்தப் பகுதி 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு இணைந்தது என்பதால், மூலப் பத்திரங்கள் மலையாளத்திலும் தேதிகள் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டிலும் இருப்பது வழக்கம். பத்திரத்தில் 1110 என்று இருந்தால் அதை 1934-35 என்று கொள்ள வேண்டும். இளைய தலைமுறையில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய சர்வே எண்ணும் மறு அளவை எண்ணும் வேறாக இருப்பது இன்னொரு தொல்லை. இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து வழக்கறிஞர் எழுதிய சட்டக் கருத்து, கடன் கொடுத்த காலத்திலிருந்தே வங்கிக் கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கினோம். மேலிடத்தில் சிலர் இதை விரும்பவில்லை; குறையைச் சொன்னால் விலை விழுந்துவிடும் என்பது அவர்கள் கட்சி.

அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று என்னை நம்ப வைத்தது, விளவங்கோடு வட்டத்தில் ஒரு வீட்டைப் பார்வைக்கு விட்ட நாள். எங்கள் ஊர்களில் வீட்டைவிட வழிதான் முக்கியம். நல்ல வீடு பின்னால் ஒதுங்கிக் கிடக்கும், அதற்குப் போவது இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு சந்தாக இருக்கும். பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, "சாரே, இதுக்கு வண்டி போற வழியா, நடவழியா?" என்று கேட்டார். நடவழிதான் டீச்சர், மதிப்பீட்டு அறிக்கையிலும் மூன்றடி என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த குடையை மடக்கிச் சந்தின் குறுக்கே பிடித்தார். குடையின் இரு முனையும் இரண்டு மதில்களிலும் முட்டின. "ஆட்டோகூட வராதே" என்றவர், பக்கத்து மனைக்காரர் யார், அவர் இரண்டு சென்ட் விட்டுக்கொடுப்பாரா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஏல நாளில் தொடக்கத்திலேயே வழியின் அகலத்தை உரக்கச் சொன்னோம். வேறு சிலர் தயங்கியபோது அவர் தயங்கவில்லை. வழியை அகலப்படுத்த ஆகும் செலவைக் கழித்து ஒரு கணக்கோடு வந்திருந்தார், அந்தக் கணக்குக்குள்ளேயே எடுத்தும் விட்டார். வங்கி வைத்த குறைந்தபட்ச விலையான ஒதுக்க விலைக்குக் கணிசமாக மேலேதான் அந்த வீடு போயிற்று.

வழிக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது சுவாதீனம், அதாவது சொத்து யார் கைவசம் இருக்கிறது என்பது. வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டி எடுத்த பெயரளவு சுவாதீனமா, சாவியே கையில் இருக்கும் நேரடிச் சுவாதீனமா என்பதை அறிவிப்பில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முதல் வகை என்றால், குடியிருப்பவரை வெளியேற்ற அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கடன்காரர் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். முழுப் பணமும் கட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று தான் வாங்கிய வீட்டைப் பார்க்கிற நிலை எவருக்கும் வரக்கூடாது. வந்தால், அவரோடு அவருடைய உறவினர்களும் வங்கி ஏலம் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

பணக் கெடுவையும் வாயால் சொல்ல வேண்டும். ஏலம் எடுத்தவர், ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டிய முன்வைப்புத் தொகையையும் சேர்த்துக் கால் பங்கை அன்றைக்கோ, தவறினால் அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும்; மீதி முக்கால் பங்குக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் இது நீளும் என்றாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது. கட்டத் தவறினால் கட்டிய கால் பங்கு முழுவதும் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பறிமுதலைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. வீட்டுக்கடனை நம்பி ஏலம் கேட்கும் சம்பளக்காரருக்கு 15 நாளில் கடன் கிடைப்பது அரிது. ஆகவே கடன் ஒப்புதலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று பார்வை நாளிலேயே சொல்லிவிடுவது, பிறகு நோட்டீஸ் அனுப்புவதைவிட எங்களுக்கும் எளிது.

அந்தக் கூட்ட அறைக்குள் நடந்ததில் நான் குறை சொல்வது இரண்டைத்தான். தரகர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொள்வார்கள். தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு, புதிதாக வந்தவரை வாசல் டீக்கடையிலேயே மடக்கி, "நீங்க கேக்காதீங்க அண்ணாச்சி, ஒரு தொகை தாறோம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். முன்வைப்புத் தொகை கட்டியவருக்கு மட்டும் டோக்கன், டோக்கன் எண்படி நாற்காலி, ஏலம் முடியும்வரை அலைபேசிக்குத் தடை என்று வைத்தபோது இந்தக் கூட்டு பெருமளவு தளர்ந்தது. மற்றது, ஏற்றும் தொகை. இருபது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒவ்வொரு முறை விலை கேட்கும்போதும் ஒரு லட்சம் ஏற்ற வேண்டும் என்றால், குடியிருக்க வாங்குபவர் மூன்றாவது முறையிலேயே ஒதுங்கிவிடுவார். பத்தாயிரம் என்று வைத்தால் நேரம் கூடுதலாகும், கூவுபவருக்குத் தொண்டை வலிக்கும், அதில் தவறில்லை.

வீட்டு வரி, மின் கட்டண நிலுவைகளையும் ஏலத்துக்கு முந்தைய வாரம் விசாரித்து எழுதி வைப்போம். விதிகள் இடம் கொடுத்தால் பழைய மின் நிலுவையை ஏலத்தில் வாங்கியவரிடமே கேட்கலாம் என்று, கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியபின் இது இன்னும் அவசியமாகிவிட்டது. ஏலத்தில் எடுக்க முடியாமல் போனவர்கள் முன்வைப்புத் தொகைக்காகக் கொடுத்த வரைவோலைகளை 'நாளை வாருங்கள்' என்று நிறுத்தி வைக்காமல், கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்று மாலையே திருப்பிக் கொடுப்பதையும் ஏற்பாட்டில் சேர்த்தோம். குலசேகரத்திலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ வந்தவர் அதற்காக மறுபடி ஒரு நாள் விடுப்புப் போட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.