ஒன்பதரை மணித்தியாலம்

ஜூன் 4
இன்று காலையிலிருந்து எத்தனை தரம் திறந்தாய் என்று போனே கணக்கு வைத்திருக்கிறது. 163. சரியாக இருக்காது என்று மூடிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். 164.

ஜூன் 5, வியாழன்
முதல் அமர்வு.

அம்மா கேட்டா, "அங்கொடை ஆஸ்பத்திரிக்கோ கதைக்கப் போறாய்?" இல்லையம்மா, மட்டக்களப்புக்கு என்றேன். உளவளத்துணையாளர் அங்கேதான் இருக்கிறார். அவர் கதைக்கும்போது பின்னால் சேவல் கூவுகிறது, பின்னேரம் ஐந்து மணிக்கு.

எங்கள் பிளாட்டில் ஒருவர் தும்மினால் பக்கத்து வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். அதனால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கொழும்பு மரைன் டிரைவில் ஒரு கல்லில் போய் இருந்தேன். ஐம்பது நிமிடத்தில் ஐந்து ரயில். ஒவ்வொன்றும் கடந்து போகும்வரை மிஸ் பேசாமல் காத்திருந்தார். நான் கட்டிய காசில் பத்தில் ஒரு பங்கு பாணந்துறைக்குப் போய்விட்டது.

போனை விட முடியவில்லை என்று போனிலேயே அழுவது, கள்ளுக்கொட்டிலில் இருந்துகொண்டு குடியை விடப் போகிறேன் என்பது மாதிரி இல்லையா என்று கேட்டேன். சிரித்தார். "கொட்டிலுக்குள்ள இருக்கிற ஆளை அங்க வந்துதானே கூப்பிடவேணும்" என்றார்.

வீட்டுவேலை: திறக்கும் ஒவ்வொரு தடவையும், அதற்கு ஒரு நிமிடம் முன் மனதில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். கொப்பியில். போனில் இல்லை.

இரவில் தாங்க முடியாமல் போனால் எடுக்கச் சொல்லி 1926 என்ற இலக்கத்தையும் தந்தார். தேசிய மனநல நிறுவனத்தினுடையது, 24 மணித்தியாலமும் ஆள் இருக்குமாம். அதாவது அங்கொடை. அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 6
வலது கட்டைவிரலின் அடி நோகிறது.

ஜூன் 8
கொப்பியிலிருந்து:
இரவு 1.32 – வெளிநாட்டில் என் கணவருக்கு வேலை முடிந்திருக்கும். அங்கே பின்னேரம் நாலு மணி.
1.41 – கார் ஓட்டிக்கொண்டிருப்பார்.
1.55 – ஒன்லைனில் இருக்கிறார். எனக்கு எழுதவில்லை.
1.56 – வேறு யாருக்கோ.
2.10 – விசாக் கோப்பு. அதே வசனம்.
2.11 – கோப்பு.
அதற்குப் பிறகு நாலு மணி வரை எதுவும் எழுதவில்லை. அந்த நேரத்தில் ஏதோ ஒரு நாட்டில் ஒருவன் அழுக்குக் கம்பளம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று முடிய இன்னொன்று. எங்கள் வீட்டில் கம்பளமே இல்லை.

ஜூன் 10, பொசன்
முனையில் தன்சல், இலவசச் சாப்பாடு. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அம்மாவோடு வரிசையில் நின்றேன். நாற்பது நிமிடம். லிப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடி ஓடி ஏறினேன். மூன்று செய்தி வந்திருந்தது. இரண்டு ரீலோட் விளம்பரம், ஒன்று பெரியம்மா அனுப்பிய ரோசாப்பூ.

ஜூன் 12
கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் 1998இல் செய்த கேள்விக்கொத்தாம், இருபது கேள்வி. நினைத்ததைவிடக் கூட நேரம் ஒன்லைனில் இருக்கிறீர்களா, நித்திரை கெடுகிறதா, யாராவது குறுக்கிட்டால் சினம் வருகிறதா. எல்லாம் இணையம் என்பது மேசையில் ஒரு பெட்டிக்குள் இருந்து, நாங்கள் எழும்பிப் போய் உட்கார்ந்த காலத்துக் கேள்விகள். இது இப்போது என்னோடு குளியலறைக்கும் வருகிறது.

1998இல் நாங்கள் புதுக்குடியிருப்பில். எனக்கு ஆறு வயது. கறண்டே இல்லை, தொலைபேசிக்கு எங்கே போவது. மாமாவின் கடிதம் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வரும், வந்தால். இதை மிஸ்ஸிடம் சொன்னேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "மூன்று மாதம் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தனாங்கள், ஒருத்தரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கேல்லை" என்றா. கொஞ்சம் பொறுத்து, "மருமகன் ஏதும் போட்டவரே, பார்."

என் வருத்தத்துக்குப் பெயர் என்ன என்றும் மிஸ்ஸிடம் கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறதாம். 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சும்மா தடவிக்கொண்டிருப்பதற்குத் தனிப் பெயர் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெயர் இருந்தால் அவருக்குச் சொல்லியிருப்பேன்.

"இது காய்ச்சல் மாதிரி. காய்ச்சலைக் குறைப்பம். என்னத்தால வந்தது எண்டும் பார்ப்பம்."

ஜூன் 13
பார்க்க ஒன்றுமில்லை. கோப்பு இன்னும் அதே வசனத்தில் நிற்கிறது.

ஜூன் 19
ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் புறாக்கள். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால் புறா பசித்தபோது மட்டும் கொத்தும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாமல் இருந்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். விழுவதை நிறுத்தினாலும் கனநேரம் விடாது. மிஸ் இதைச் சொல்லி முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. என் கணவர் சில நாள் இரண்டு நிமிடத்தில் பதில் போடுவார். சில நாள் ஆறு மணித்தியாலம்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னார் மிஸ்.

ஜூன் 20
கறுப்பு வெள்ளையில் அவருடைய படம் 31ஆம் நாள் நினைவஞ்சலி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. உடனே நிறத்தைப் போட்டுவிட்டேன்.

ஜூன் 23
கடல் கொந்தளிப்பு. ஜன்னல் கம்பியெல்லாம் உப்பு. 118.

ஜூன் 26
இன்று கோபப்பட்டேன். அவரோடு ஒழுங்காக ஒரு மணித்தியாலம் கதைத்து எத்தனை நாள் என்று மிஸ் கேட்டார். இது போன் பிரச்சினை, இதில் அவர் எங்கே வந்தார் என்று கேட்டேன். ரயில் வந்தது. இந்தமுறை நான்தான் பேசாமல் இருந்தேன்.

ரயில் போன பிறகு சொன்னார்: அவருடைய வாட்ஸ்அப் லாஸ்ட் சீனை ஒரு மாதத்துக்கு மறைத்து வைக்கும்படி நீங்களே கேளுங்கள். ஏனென்றும் சொல்லுங்கள். பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

சொல்கிறேன் மிஸ் என்றேன்.

ஜூன் 28
புறக்கோட்டையில் அலாரம் மணிக்கூடு வாங்கினேன். டிக் டிக் என்று பெரிய சத்தம். போனைக் குசினியில் அரிசி வாளிக்கு மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். ஒருதரம் எழும்பித் தண்ணீர் குடித்தேன், தொடவில்லை. ஆறு மணித்தியால நித்திரை! காலையில் இடியப்பத்துக்குச் சொதி வைத்தது நான் என்று அம்மா பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தா.

47.

ஜூன் 29
44.

ஜூன் 30
இன்னும் சொல்லவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார். இரவுக்கு இரவு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. நாளைக்கு.

ஜூலை 2, அதிகாலை 1.38
பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. முதலில் நெட் இல்லையென்று நினைத்தேன். பிறகு என்னுடையதை நானே தவறி மறைத்துவிட்டேனோ என்று செட்டிங்கில் போய்ப் பார்த்தேன், நாம் மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாதாம். என்னுடையது எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.

நான் அவரிடம் இன்னும் கேட்கவே இல்லை.