12 வாரத்தில் சிங்களப் பெயர்ப்பலகை: ஓர் இலக்குக் கொப்பியின் பதிவு

கொழும்பில் பத்து, இருபது வருடம் இருந்தும், பேச்சுச் சிங்களம் ஓரளவு வந்தும், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத தமிழர் நிறையப் பேர். "இந்த வருடம் சிங்களம் படிக்க வேணும்" என்று ஜனவரியில் எடுக்கிற தீர்மானம் பலருக்குத் தைப்பொங்கலைத் தாண்டுவதில்லை. அந்த வசனத்திலேயே பிழை இருக்கிறது. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று சொல்வது, இரண்டுக்கும் அதில் இடமில்லை. வசனத்தைத் திருத்தி, 12 வாரம் செய்து பார்த்ததன் பதிவு இது. தையலோ, நீச்சலோ, சேமிப்போ எதுவானாலும் கொப்பியின் அமைப்பு இதேதான். எழுத்துகள் மட்டும் இந்த இலக்குக்கு உரியவை.

கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிய வசனம்: "12ஆம் வாரத்துக் கடைசி ஞாயிறு, வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை காலி வீதியில் கண்ணில் படும் 20 சிங்களப் பலகைகளில் 16ஐ, தமிழ், ஆங்கில வரிகளைப் பார்க்காமல் வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஊர்ப்பெயர் கணக்கில் சேராது."

இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு பழைய தோல்வியை அடைக்கிறது. 20க்கு 20 என்று வைத்தால், அலங்கார எழுத்தில் எழுதிய ஒரு நகைக்கடைப் பலகை முழு முயற்சியையும் "தோல்வி" ஆக்கிவிடும். 10 போதும் என்றால் ஊகமே பாதியை நிரப்பிவிடும். ஊர்ப்பெயரை விலக்கியதற்குக் காரணம், பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகு "பம்பலப்பிட்டி" என்று வாசிப்பது வாசிப்பே இல்லை. "வாய்விட்டு" என்பதும் முக்கியம். மனதுக்குள் வாசித்தால் தெரியாத எழுத்தைக் கண் மெல்லத் தாண்டிப் போய்விடும்.

இலக்கை எழுத்து வாசிப்போடு நிறுத்தியதும் வேண்டுமென்றே. பொருள் விளங்குவது வேறு இலக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், ஒன்று பின்தங்கும்போது மற்றதையும் இழுத்து விழுத்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சி மொழி. கந்தோரில் தமிழில் சேவை கேட்பது நம் உரிமை, அதைக் கேட்டே ஆக வேண்டும். பலகை வாசிக்கப் பழகுவது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாது.

சாமான்கள்: 80 பக்கச் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று, பிரிஸ்டல் போர்ட் ஒரு தாள், சப்பாத்துப் பெட்டி ஒன்று, இறப்பர் பேண்ட். பிரிஸ்டல் போர்டை 7 சென்ரிமீற்றருக்கு 5 ஆக வெட்டினால் ஒரே தாளில் நூறு அட்டை வரும். சட்டைப்பையில் அடங்க இந்த அளவுதான் சரி. அட்டையின் முன்பக்கம் சிங்கள எழுத்து, பின்பக்கம் தமிழில் ஒலியும் அது வரும் ஒரு சொல்லும்.

வாரம் 1, 2

எழுத்து அட்டவணையை அகர வரிசையில் பிடித்ததுதான் முன்னைய முயற்சிகள் சாகக் காரணம். உயிரெழுத்துகள் முடிவதற்குள்ளேயே களைத்துவிடும், ரோட்டில் ஒரு சொல்லும் வாசிக்க வராது. அதனால் ஆறு ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்கியது. 138 பஸ்ஸில் இருக்கும் மஹரகம எல்லாவற்றிலும் எளிது. ம, ஹ, ர, க, ம என்று ஐந்தும் குறியே இல்லாத அகர எழுத்துகள். முதல் நாளே ஒரு முழுப் பலகை கைக்கு வந்துவிடும். அடுத்தது மருதானை, சிங்களத்தில் மரதான. அதில் த, ந இரண்டும் 'ஆ' குறியும் கிடைக்கும். பிறகு பம்பலப்பிட்டி, தெஹிவளை, வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி. இந்த ஆறு பெயரும் முடியும்போது 14 மெய்களும் 7 குறிகளும் கையில் இருக்கும், மொத்தம் 21 அட்டை. ஊர்ப்பெயர் சோதனைக்கு உதவாது, படிப்பதற்கு அதைவிட நல்லது கிடையாது. ரயில் ஸ்டேஷன் பலகையில் சிங்களத்தின் கீழேயே தமிழ் இருப்பதால் விடைத்தாளும் பக்கத்திலேயே இருக்கிறது.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்குப் பெரிய அனுகூலம் கொம்பு. சிங்களத்திலும் அதன் பெயர் கொம்புவ. நம்முடையதைப் போலவே எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். 'கொ' எழுதும் முறையும் ஒன்றேதான்: இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் 'ஆ' குறி. வேற்று எழுத்தைப் பார்க்கும் பயம் இந்த ஓர் ஒற்றுமையிலேயே பாதி போய்விடும்.

பெரிய தடை வல்லினம். பம்பலப்பிட்டி என்ற சொல்லில் 'ம்' தாண்டி வரும் ப வேறு எழுத்து, 'பி'யில் உள்ள ப வேறு எழுத்து. புது ஒலி என்று பயப்பட வேண்டியதில்லை. 'கம்பு' என்னும்போது வருவது ஒன்று, 'பல்' என்னும்போது வருவது மற்றது. தமிழில் இடம் பார்த்து நாக்கு தானாக மாற்றிக்கொள்வதைச் சிங்களம் எழுத்திலேயே பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் அட்டையின் பின்பக்கம் வெறும் 'க' என்று எழுதுவது பெரிய பிழை. ஓர் அட்டையில் "கல்", மற்ற அட்டையில் "தங்கம்" என்று எழுத வேண்டும். அதேபோல் "தலை", "பந்து". "பட்டு", "வண்டு". ச மூன்றாகப் பிரியும்: "அச்சு", "பஞ்சு", "பசி". முதல் வாரத்தில் வெறும் 'ப' என்று எழுதிய அட்டைகளை இரண்டாம் வாரத்தில் கிழித்துத் திரும்ப எழுத வேண்டி வந்தது.

நேரம்: தினமும் 15 நிமிடம். "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்று வைத்தது நாலாம் நாளே பிசகிவிட்டது. இரவுக்கு ஆயிரம் வேலை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. "இன்ன இடத்தில் இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைத்த திட்டம், வெறும் எண்ணத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது என்பது அவர் சொன்னது. அதன்படி மாற்றிய வசனம்: "பஸ் ஹோல்டில் நின்றதும், போனை எடுக்க முன் ஐந்து அட்டை." கொழும்பில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குக் குறைவில்லை. 15 நிமிடமும் போகும் வழியிலும் வரும் வழியிலும் முடிந்துவிடும்.

வாரம் 3

புது எழுத்து ஒன்றும் சேர்க்காத வாரம். 21இல் பாதி ஒன்றோடொன்று கலங்கிவிட்டது. க, த, ந மூன்றும் ஒரே குடும்ப முகம். வ, ம இரண்டும் அப்படியே. பின்னால் வரப்போகும் 'அச்சு'வின் ச, வ போலவே இருந்து ஏமாற்றும். தனித்தனி அட்டையாகப் பார்த்தால் இந்தக் கலக்கம் தீராது. கலங்கும் எழுத்துகளை ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபடும் இடத்தை மட்டும் சிவப்புப் பேனையால் தொட்டுவிட வேண்டும். பிறகு சதுரக் கொப்பியில் மாறி மாறி, க த ந, ந க த என்று ஒவ்வொன்றும் பத்துத் தடவை. ஒரே எழுத்தை ஒரு வரி முழுக்க எழுதினால் கை பழகும், கண் பழகாது.

இன்னொரு சிக்கல், நம் புள்ளிக்குச் சமமான குறி. அதற்கு இரண்டு உருவம். ல், க், த், ந் போன்றவற்றில் மேலே கொடி மாதிரி நிற்கும். ம், ட், வ் போன்றவற்றில் எழுத்தின் மேல்முனையே நீண்டு சுழியும். பம்பலப்பிட்டியில் 'ம்' இருக்கிறது, 'டி'யும் இருக்கிறது. மேலே சுழிவதெல்லாம் 'இ' குறி என்று நினைத்தால் "பமிபல" என்றுதான் வரும். இதற்குத் தனி அட்டை: ட, ட், டி, டீ நான்கும் ஒரே வரியில்.

வாரம் 4 முதல் 7 வரை

சப்பாத்துப் பெட்டி இங்கேதான் வேலை செய்யத் தொடங்கியது. இது செபாஸ்தியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை. பெட்டியை அட்டைத் துண்டால் ஐந்து அறையாகப் பிரிக்க வேண்டும். புது அட்டை முதல் அறையில். சரியாக வாசித்தால் அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது நாலு நாளுக்கு, நாலாவது வாரம் ஒருமுறை, ஐந்தாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. காலையில் அன்றைய அட்டைகளை இறப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப்பையில் வைத்தால் போதும்.

இந்த முறையில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று. உற்சாகத்தில் புது அட்டை போட்டுக்கொண்டே போக, முதல் அறை வீங்கிவிடும். ஐந்தாம் வாரத்தில் அதில் 34 அட்டை. ஹோல்டில் நிற்கும் நேரத்துக்குள் முடியாது, முடியாததால் தொடவே மனம் வராது. வைத்த விதி: முதல் அறை 15க்குக் கீழே இறங்கும் வரை புது அட்டை இல்லை. எந்த இலக்குக்கும் இப்படி ஒரு மேல் எல்லை வேண்டும். கீழ் எல்லையை எல்லாரும் வைக்கிறார்கள், மேல் எல்லையை யாரும் வைப்பதில்லை.

ர எழுத்து இந்த வாரங்களில் நிறைய நேரம் தின்றது. பெரும்பாலான எழுத்துகளுக்கு 'உ' குறி கீழே வரும். 'ரு' தனி வடிவம், ஆங்கில 'rat' என்பதில் வருகிற அகன்ற ஒலி சேர்ந்த 'ர'வின் வடிவத்தோடு அப்படியே குழம்பும். இரண்டுக்கும் அன்றாடம் கண்ணில் படும் ஒவ்வொரு மாதிரி உண்டு. காசுத் தாளில் இருக்கும் "ருபியல்" ஒன்று, பொரளை பஸ்ஸில் இருக்கும் "பொரெல்ல" மற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கு விளங்கிவிடும். காசுத் தாள் நல்ல பாடப்புத்தகமும்கூட. "ஸ்ரீ லங்கா மஹ பேங்குவ" என்ற வரியில் ரகர ஒட்டு, வட்டப் புள்ளி, 'கு'வின் கொக்கி மூன்றும் ஒன்றாக வருகின்றன.

வாரம் 8

ஐந்து நாள் நின்றுபோனது. காரணம் சோம்பலாகத் தெரிந்தது, கொப்பியைப் பார்த்தபோது வேறு விடயம். போயா நாளும் (பௌர்ணமி விடுமுறை) வாரக் கடைசியும் ஒட்டி வந்ததால் பஸ் ஏறவில்லை. பழக்கத்தை ஹோல்டோடு கட்டியிருந்ததால் ஹோல்ட் இல்லாத நாளில் பழக்கமும் இல்லை. வீட்டில் நிற்கும் நாளுக்கு இரண்டாவது கொளுக்கி ஒன்று வேண்டும்: "காலைத் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்ததும், சமையலறை அலமாரியில் மூன்று பக்கெட்." பால்மாப் பக்கெட்டில் கிரிபிடி, சீனிப் பக்கெட்டில் சீனி, பருப்பில் பரிப்பு, உப்பில் லுணு. ஒலியே பாதி தெரிந்த சொற்கள்.

விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்வதை விட்டுவிட வேண்டும். இரட்டிப்பு முடியாமல் போகும், நாலாம் நாள் கடன் மலையாகும். லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை எடுத்தது, நடுமதிப்பு 66. ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் கண்டது. 12 வாரம் என்பது 84 நாள், 66ஐத் தாண்டி ஓர் இடைவெளி இருக்கட்டும் என்றுதான் அந்த எண்.

எண்ணும் முறையும் இந்த வாரத்தில் மாறியது. அதுவரை கொப்பியில் நிமிடம் எழுதப்பட்டது. நிமிடத்தை எண்ணினால் நிமிடம்தான் கூடும், தெரிந்த அட்டையையே திருப்பித் திருப்பிப் புரட்டி 15ஐ நிரப்பலாம். இனி எண்ணுவது "இன்று முதல்முறை வாசித்த பலகை". ஒரு நாளைக்கு இரண்டு போதும். ஞாயிறு இரவு பத்து நிமிடத்தில் மூன்று வரி: எத்தனை வாசித்தது, எது சிக்கியது, அடுத்த வாரம் மாற்றுவது எது. மூன்றாவது வரியில் ஒன்றுக்கு மேல் எழுதக் கூடாது. மூன்று மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

வாரம் 9 முதல் 11 வரை

மும்மொழிப் பலகையில் கண் முதலில் தமிழுக்குத்தான் ஓடும், அதை அடக்க முடியாது. போனில் படம் எடுத்து, சிங்கள வரி மட்டும் நிற்க வெட்டி, மறுநாள் வாசிப்பதுதான் வழி. ஒரு வாரத்துக்கு 15 படம். பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான்: மாவத்த, பார, வீதிய, ரஜயே, தஹனம். இவை எழுத்துக்கூட்டாமலே முழு உருவமாகக் கண்ணில் ஏறிவிட்டால் வேகம் இரட்டிக்கும். 'அம்ப', 'கங்க' போன்ற சொற்களில் மூக்கொலியும் வல்லினமும் ஒட்டி ஒரே எழுத்தாக வருபவை நாலு உண்டு. அவற்றை இங்கேதான் சேர்த்தது, முன்பே சேர்த்திருந்தால் குழப்பம் கூடியிருக்கும்.

வாரம் 12

ஞாயிறு காலை, 100 பஸ், வெள்ளவத்தைச் சந்தியிலிருந்து. நெரிசல் இல்லாததால் பஸ் வேகமாகப் போனது, அதைத் திட்டத்தில் நினைக்கவில்லை. கொள்ளுப்பிட்டி வருவதற்குள் 20 பலகையும் முடிந்துவிட்டது. சரியானவை 17. பிழைத்த மூன்றில் ஒன்று பூவேலை எழுத்து, ஒன்று 'ஸ'வை 'ய' என்று வாசித்தது, ஒன்று பழைய பகை: மேல்சுழி கொண்ட 'ட்', 'டி' என்று வந்தது. அந்த மூன்று அட்டையும் முதல் அறைக்குத் திரும்பிவிட்டன.

கொப்பியில் இன்னும் 30 பக்கம் மிச்சம். அடுத்த பக்கத்தின் தலையில் எழுதியிருக்கும் வசனம்: "6 வாரத்தில், தபால் கந்தோர்ப் படிவம் ஒன்றின் சிங்களப் பக்கத்தை, தமிழ்ப் பக்கத்தைத் திருப்பாமல் நிரப்ப வேண்டும்." முதல் நாலு அட்டை தயார்: நம, லிபினய, தினய, அத்ஸன. பெயர், முகவரி, திகதி, கையொப்பம்.