நாலு எல்லை எழுதிய கொப்பி

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், போரில் எங்கள் கையை விட்டுப் போன காணி திரும்பக் கிடைத்த கதையை 2015 மே மாதத்தில் இருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதில் 818 ஏக்கரை முதலீட்டுக்கென ஒதுக்கியிருந்த அரச வர்த்தமானி அறிவித்தல் அந்த மாதம்தான் ரத்தானது. அதுவரை ஒன்பது வருடம் சனம் எப்படிக் கலையாமல் இருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

2006 ஏப்ரலில் ஷெல்லுக்குத் தப்பி ஓடினோம். மட்டக்களப்புப் பக்கமெல்லாம் அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாம். தகரக் கொட்டிலுக்குள் பகலில் இருக்க ஏலாது. ஒவ்வொரு கூட்டத்திலும் “மாற்றுக் காணி தாறம், எடுங்கோ” என்றுதான் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல, எங்கள் காணி எங்களுடையது என்று காட்ட வேண்டுமே. பாதிப் பேரிடம் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, அரச காணிப் பேர்மிட்டும் இல்லை. ஓடின ஓட்டத்தில் யார் கடுதாசி எடுத்தது?

மாதர் சங்கத்துப் பெண்கள் ஒரு சீஆர் கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்கினோம். உறுதியில் இருக்கிற மாதிரியே ஒவ்வொரு வளவுக்கும் நாலு எல்லை: வடக்கே யார் வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை, கிணறு எந்த மூலையில், எத்தனை தென்னை. எல்லைக்காரர் கையொப்பம் வைக்க வேணும். வேலித் தகராறில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு பெரியம்மாக்கள் ஒருவர் பக்கத்தில் மற்றவர் பெருவிரல் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வளவுக்காரி சாட்சி சொன்னால்தான் என் வளவு எனக்கு. அந்தக் கொப்பி எங்களை ஒருவரோடு ஒருவர் கட்டிப்போட்டது.

பசி தாங்காமல் மாற்றுக் காணிக்கு ஓமென்ற குடும்பங்களும் இருந்தன. “காட்டிக்கொடுத்திட்டினம்” என்று சில ஆம்பிளைகள் கத்தினார்கள். நாங்கள் விடவில்லை. அவர்கள் பெயரை வெட்டாமல் வைத்திருந்தோம், செத்தவீடு கலியாணவீட்டுக்குப் போய்வந்தோம். போராட்டத்தில் நிற்க முடியாதவரைத் துரோகி என்று சொல்லும் இயக்கம் எதுவும் நெடுநாள் நிற்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியும் விடுபட்டது. ஆனால் சம்பூரில் கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. சாம்பல் கிணற்றில் விழும், சுடுதண்ணி கொட்டியாரக்குடாவில் கலக்கும் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னோம். மூதூர் முஸ்லிம் மீன்பிடிக் குடும்பங்களிலும் போய் இருந்து கதைத்தோம். குடா அவர்களுக்கும் சோறு. அந்த வருடம் செப்டெம்பரில், நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது சம்பூரில் சூரியசக்தி நிலையம் வருகிறது. அது வேறு கதை, அதையும் எழுத வேணும்.

இன்று திருகோணமலை முத்துநகர் விவசாயிகள், செய்த வயல் சூரியசக்தித் திட்டத்துக்குப் போகிறதென்று தெருவில் நிற்கிறார்கள். அங்கே இருக்கிற தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன்: கொப்பியை இண்டைக்கே தொடங்குங்கோ. எந்தக் குளத்துத் தண்ணி, எந்தப் போகம், பக்கத்து வயல் யாருடையது, எல்லாம் எழுதுங்கோ. உர மானியத் துண்டு, கமக்கார அமைப்புப் பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதேயுங்கோ. படம் எடுத்து வெளியூரில் இருக்கிற பிள்ளையின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கோ.