உணவு ஆலோசனை பலன் தந்ததா? பென்னாகரம் பக்கம் அளந்து பார்த்த அனுபவம்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை வழங்கி வருகிறேன். ஓட்ஸையும் ஆலிவ் எண்ணெயையும் பரிந்துரைக்கும் அச்சிட்ட அட்டவணையை ஒதுக்கிவிட்டு, களி, கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, கருவாடு என்று அந்தந்த வீட்டில் சமைப்பதைக் கொண்டே பேசத் தொடங்கினோம். அதனால் நோயாளிக்கு என்ன மாறியது என்பதைக் கணக்கோடு காட்டும்படி எங்கள் மருத்துவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, சம்மதப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு வேலையைத் தொடங்கினோம்.

அழுத்தத்தை அளப்பதிலேயே கவனம் தேவைப்பட்டது. காட்டு வேலையிலிருந்து நேராக நடந்து வந்தவரின் கையில் உடனே அழுத்தம் அளக்கும் கருவியின் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகத்தான் வரும். எனவே டீயோ பீடியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், முதுகைச் சாய்த்து 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், 2 முறை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு பொய்யாக ஏறும் என்பதால் பெரிய பட்டையும் வைத்திருந்தோம்.

இவ்வளவு செய்தாலும், ஒரே ஊரில் முன்னும் பின்னும் அளந்தால் போதாது. 140/90-க்கு மேல் இருப்பவர்களையே தேர்ந்தெடுக்கும்போது, அவர்களில் பலருக்கு அடுத்த முறை அளவு தானாகவே சற்று இறங்கும். மார்கழிக் குளிரைவிடச் சித்திரை வெயிலில் அழுத்தம் குறைவதும் இயல்பு. இந்த இரண்டையும் ஆலோசனையின் வெற்றியாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமான அறிவுரை மட்டும் பெறும் பக்கத்து ஊரையும் அதே மாதங்களில், அதே கருவியால் அளந்தோம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது; அதை ஒழுங்காகப் போட்டாலே அழுத்தம் இறங்கும். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணி, மருந்தின் அளவு மாறியிருந்தால் அதையும் குறித்துக்கொண்டோம்.

உப்பைக் கணக்கிடுவதுதான் மிகக் கடினமாக இருந்தது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதிப்பதே நம்பகமான முறை என்றாலும், விடிந்ததும் காட்டுக்குப் போகும் பெண்களிடம் அதைக் கேட்க முடியாது. வாயால் கேட்டாலோ, “கம்மியாத்தாம்மா போடறோம்” என்ற ஒரே பதில்தான் எல்லா வீட்டிலும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்படியானால் 4 பெரியவர்கள் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாளாவது வரவேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொன்னோம். ஒரு வீட்டில் பாக்கெட் நம்ப முடியாத வேகத்தில் தீர்ந்தபோது, அந்த வீட்டு ஆயா கட்டுத்தறிப் பக்கம் கையைக் காட்டி, “மாட்டுத் தண்ணிக்கும் இதுலதாம்மா அள்ளிப் போடறது” என்றார். அதற்குப் பிறகு மாட்டுக்கான உப்பைத் தனி டப்பாவில் வைக்கச் சொன்னோம். மாங்காய் ஊறுகாய் போடும் மாதத்தையும் தனியாகக் குறித்தோம்.

பல வீடுகளில் களியில் உப்பு மிகக் குறைவு; உப்பெல்லாம் குழம்பில்தான் இருக்கிறது, குழம்பின் உப்போ மருமகளின் கையில் இருக்கிறது. எனவே நோயாளியை மட்டும் உட்காரவைத்துப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. குழம்பில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் கூட்டுவது, கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி அலசுவது, மோர் மிளகாயோ ஊறுகாயோ தொட்டுக்கொள்ளும் நாளில் கூழுக்கு உப்பு போடாமல் விடுவது ஆகியவற்றைச் சமைப்பவரிடமே பேசினோம்.

முடிவில் இரண்டு ஊர்களிலும் அழுத்தம் இறங்கியிருந்தது. ஆலோசனை பெற்ற ஊரில் கூடுதலாக இறங்கியிருந்தது என்றாலும், அந்த வித்தியாசம் சிறியது. பாக்கெட் நீடித்த நாட்களில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் போய்ப் பாதியில் நின்றவர்களையும் கணக்கிலிருந்து நீக்கவில்லை. சொன்னதைக் கேட்டு ஊரிலேயே இருந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த ஆலோசனையும் வெற்றி பெற்றதாகவே தெரியும். இப்போது பக்கத்து ஊரிலும் இதே ஆலோசனையைத் தொடங்கியிருக்கிறோம். அங்கே முதல் சந்திப்புக்கே சமைப்பவரையும் அழைத்துவரச் சொல்கிறோம்.