மலைநாட்டில ஓடிப் பழக ஊர் தேடின கதை: கந்தப்பளையில போய் நிண்டது எப்பிடி

யாழ்ப்பாணத்தில நெடுந்தூரம் ஓடுறவைக்குத் தெரியும், இஞ்ச ஏத்தம் எண்ட ஒண்டே இல்லை. பண்ணைப் பாலத்தால வேலணைப் பக்கம் போய்த் திரும்பினாலும் சரி, பலாலி றோட்டால நேர போனாலும் சரி, எல்லாம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல கிடக்கிற தரை தான். சோளகக் காத்து தொடங்கினா எதிர்க்காத்து தான் எங்கட மலை. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டாலும் ஆறரைக்கு மேல வெயில் சுட வெளிக்கிட்டிடும், பிறகு இருபது கிலோமீற்றருக்கு மேல ஒரு ஓட்டம் எண்டா நினைக்கவே ஏலாது. கொழும்பில மரதன் ஓடுறதுக்கு முதல் ஒரு மாசமாவது மேல போய் இருந்து பழகோணும் எண்டு கனகாலமா மனசில கிடந்தது, 2024 தொடக்கத்தில தான் காசும் லீவும் ஒண்டா அமைஞ்சது. எந்த ஊர் எண்டு முடிவெடுக்கத்தான் நிறைய மினக்கெட்டனான், இனிப் போறவைக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் எண்டு எழுதுறன்.

முதல்ல உயரத்தைப் பற்றி. கடல் மட்டத்தில இருந்து 2,000 மீற்றர் மேல போனா காத்தழுத்தம் அஞ்சில ஒரு பங்கு குறைஞ்சிடும், அந்தளவுக்கு மூச்சில வாற ஒட்சிசனும் குறையும். உடம்பு அதைக் கண்டுபிடிச்சு, ரத்தத்தில ஒட்சிசனைக் காவுற சிவப்பணுவைக் கூட்டத் தொடங்கும், அது ஒரு கிழமையில நடக்கிற விசயம் இல்லை, மூண்டு நாலு கிழமையாவது அங்க நித்திரை கொள்ளோணும். உயரம் பத்தாட்டி அதுவும் பெரிசா நடக்காது. இந்தக் கணக்கை வச்சுப் பாத்தா இலங்கையில ஊர் எண்டு சொல்லக்கூடியதில நுவரெலியாப் பக்கம் மட்டும் தான் தேறுது, அது 1,868 மீற்றர். கண்டி 500 தான். அட்டனும் பண்டாரவளையும் 1,200 சொச்சம், அப்புத்தளை 1,400 சொச்சம். பதுளை அதிலயும் கீழ, 700 கூட இல்லை.

ஊட்டியையும் யோசிச்சனான், அது 2,240 மீற்றர், தமிழ் ஊர், சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. பலாலியில இருந்து சென்னைக்குப் பிளேன் இருக்கு, ஆனா விசா, ரிக்கெட், அங்க றூம், கீழயிருந்து மேல போற செலவு எண்டு கூட்டிப் பாக்க என்ர பொக்கெற்றுக்குச் சரிவராது எண்டு விட்டிட்டன். வசதி இருக்கிறவை யோசிக்கலாம், நல்ல இடம் தான்.

உயரத்தை மட்டும் பாத்து ஊர் எடுக்கிறதிலயும் எனக்கு உடன்பாடு இல்லை. கென்யாவில இத்தென் எண்டு ஒரு சின்ன ஊர், 2,400 மீற்றர் உயரம். உலகத்தில எங்கெங்கயோ இருந்தெல்லாம் ஓடுறவை அங்க போறது வெறும் காத்துக்காக எண்டா அதே உயரத்தில ஆயிரம் ஊர் இருக்கு. அங்க விடியப்புறம் றோட்டுக்கு வந்தா கூட்டங் கூட்டமா ஆக்கள் ஓடுவினம், நீங்கள் போய்ப் பின்னால ஒட்டிக்கொள்ளலாம். அயர்லாந்தில இருந்து 1976ல பள்ளிக்கூடத்தில படிப்பிக்க வந்த பிரதர் கொல்ம் ஓ'கொனெல் அங்கயே தங்கிப் பெடியளைப் பழக்கினவர், 800 மீற்றர் உலக சாதனை வச்ச டேவிட் ருடிஷாவும் அவரிட்டப் பழகினவர் தான். ஆக்கள் இருந்தாத் தான் ஊர். தனிய மலையில போய் ஒரு மாசம் கிடந்தா மூண்டாம் கிழமை மனம் விட்டுப் போகும், இது ஓடுற எவரைக் கேட்டாலும் சொல்லுவினம்.

அப்ப நான் தேடினது மூண்டு விசயம்: உயரம், காசு, கூட ஓட ஆக்கள். மூண்டும் ஒரே ஊரில கிடைக்கிறது லேசில்லை. பண்டாரவளை எனக்குச் சரியாப் பிடிச்ச ஊர், குளிரும் அளவு, றூமும் பரவாயில்லை, பதுளைக்கு இறங்கினா வின்சன்ட் டயஸ் மைதானத்தில சிந்தடிக் ட்ரக் (செயற்கை ஓடுதளம்) இருக்கு, பக்கத்தில தியத்தலாவை ஆமி காம்ப் இருக்கிறதால ஓடுற ஆக்களை றோட்டில காணலாம். உயரம் தான் உதைக்குது. அட்டனில சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் கடையில நிக்கிறான், தங்கிறதுக்குச் செலவே இல்லை, ஆனா அந்தப் பக்கம் ஓடுறதுக்கு றோட்டு வளைவும் பஸ்ஸும் தான், விடியப்புறம் மூடுபனிக்குள்ள பஸ்காரனுக்கு உங்களைத் தெரியாது. மலையகத்துப் பெடியளிட்ட ஓட்டம் இருக்கு எண்டதுக்கு 10,000 மீற்றரில தேசிய மட்டத்தில வெண்ட குமார் சண்முகேஸ்வரனே சாட்சி. அதால அட்டனை விட மனமில்லாமத் தான் விட்டனான்.

நுவரெலியா ரவுணுக்குள்ள றூம் கேட்டுப் பாத்தன். ஒரு இடத்தில நாளுக்கு 6,000 எண்டிச்சினம், மாசக் கணக்கா எண்டு கேக்க "அப்பிடி நாங்க குடுக்கிறதில்ல" எண்டு ஃபோனை வச்சிட்டினம். அது சுற்றுலாக்காரரை நம்பி இருக்கிற ஊர், அவையில பிழை சொல்ல ஏலாது. ஏப்ரல் சீசனுக்கு அந்தப் பக்கமே போகாதேங்கோ, கார் ரேஸும் பூக்கண்காட்சியும் கொழும்புச் சனமும் சேந்து றூம் விலை எங்கயோ போயிடும், ஓட இடமும் இருக்காது. மே கடைசிக்குப் பிறகு மழை. எங்களுக்குத் தோதான காலம் எண்டா தை கடைசியில இருந்து பங்குனி நடு வரைக்கும், குளிர் கூட, ஆனா மழை குறைவு.

கந்தப்பளையைச் சொன்னது என்னோட வேலை செய்யிற ஒரு அக்கா, அவவின்ர மனுசன்ர ஊர். நுவரெலியாவில இருந்து ஹாவா எலியா தாண்டி ராகலை போற பஸ்ஸில ஏறினா அரை மணித்தியாலம் மட்டில, உயரமும் கிட்டத்தட்ட அதே உயரம். சுத்திவர தேயிலை, இடையில கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்கள். சனம் பெரும்பாலும் தமிழ். அங்க பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் பழக்கிற சேர் ஒருத்தரின்ர நம்பரை அக்கா எடுத்துத் தந்தா. நான் கோல் எடுத்து "சேர், நான் யாழ்ப்பாணத்தில இருந்து கதைக்கிறன், உங்கட ஊரில ஓடிப் பழக இடம் இருக்கோ" எண்டு கேக்க, "இடமா? வாங்க தம்பி, நம்ம புள்ளைங்க காலையில ஓடுறாங்க, நீங்களும் சேர்ந்து ஓடுங்க" எண்டார். எனக்கு அந்த ஒரு சொல்லோட பாதி முடிவாயிட்டுது.

எண்டாலும் ஒரு மாசத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போக முதல் ஒரு சனி ஞாயிறு போய்ப் பாத்திட்டு வந்தனான், நீங்களும் கட்டாயம் இதைச் செய்யோணும். ஏ9 றோட்டால கண்டிக்கு இரவு பஸ், அங்கயிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை எண்டு ஏறிப் போற பஸ், பிறகு ராகலை பஸ். போனவுடன பாத்தது: விடிய அஞ்சரைக்கு றோட்டில வெளிச்சம் எப்பிடி, நாய் எத்தினை, ஒரு கிலோமீற்றராவது மட்டமான துண்டு இருக்கோ, சுடுதண்ணி இருக்கோ, கடையில முட்டையும் பயறும் கிடைக்குமோ, மருந்துக்கடை எங்க. மட்டமான துண்டு கந்தப்பளையில இல்லை, அது உண்மை. வேகமா ஓடோணும் எண்டா நுவரெலியாவுக்குப் போய் கிரெகரி வாவிப் பக்கம் தான் ஓடோணும். அது எனக்குக் கிழமைக்கு ஒருக்காப் போதும்.

றூம் ஒரு ஓய்வெடுத்த தபால்கார ஐயாவின்ர வீட்டில, மாசத்துக்கு 15,000, ரெண்டு நேரச் சாப்பாட்டுக்கு வேறயா அம்மாவிட்டக் குடுத்தனான். ரொட்டி, கட்டைச் சம்பல், தோட்டத்துக் கீரை, பருப்பு. மரக்கறி அங்க விளையிறபடியா மலிவும் புதுசும். இரும்புச்சத்து குறைஞ்சவை மேல போயும் பிரயோசனம் இல்லை, சிவப்பணு செய்ய உடம்புக்கு இரும்பு வேணும், அதால வெளிக்கிட முதல் உடம்பில இரும்பு எவ்வளவு சேந்து கிடக்கு எண்டு காட்டுற ஃபெரிட்டின் ரத்த டெஸ்ட் ஒண்டு எடுத்துப் பாருங்கோ, டொக்டரைக் கேக்காம இரும்புக் குளிசை மட்டும் போடாதேங்கோ.

முதல் கிழமை சரியான கஸ்ரம். யாழ்ப்பாணத்தில சும்மா கதைச்சுக்கொண்டு ஓடுற வேகத்தில அங்க முந்நூறு மீற்றரில நெஞ்சு அடிக்க வெளிக்கிட்டிட்டுது, இரவு நித்திரையும் உடைஞ்சு உடைஞ்சு தான் வந்தது. மணிக்கூட்டை அறையில வச்சிட்டு மூச்சை மட்டும் பாத்து ஓடினன். விடியப்புறம், தோட்டத்து வேலையாக்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தடியில பெடியள் ஏழெட்டுப் பேர் நிப்பாங்கள், அதில மூண்டு பேருக்குத் தான் சப்பாத்து, மற்றவை வெறுங்கால், ஒண்டு ரெண்டு நாள் புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கேக்கயும் அப்பிடித்தான். பதினேழு வயசுப் பெடியன் ஒருத்தன் ஏத்தத்தில என்ர கையைப் பாத்திட்டு, "அண்ணே, கைய கீழ விடுங்க, அடி சின்னதா வைங்க, மேல பாக்காதீங்க, முன்னுக்குப் போறவன் முதுகப் பாருங்க" எண்டான். அடுத்த வளைவிலயே வித்தியாசம் தெரிஞ்சது, தோள் இளகி மூச்சு தாளத்துக்கு வந்திட்டுது. கரட் கழுவுற இடம் வரைக்கும் போய், அங்க தண்ணியில முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்புவம். போகப்போகக் கதைச்சுக்கொண்டே ஏறக்கூடியதா வந்திட்டுது.

உயரத்தில நித்திரை கொண்டு கீழ இறங்கி வேகமா ஓடுறது எண்டு ஒரு முறை இருக்கு, 1997ல லெவினும் ஸ்ரே-கண்டர்சனும் 2,500 மீற்றரில தங்க வச்சு 1,250 மீற்றரில ஓடவிட்டுச் செய்த ஆராய்ச்சியில அது தான் கூடப் பலன் தந்தது. எங்கட நாட்டில அதுக்கு வெலிமடை இருக்கு, ஆயிரம் மீற்றர் அளவு, சீதா எலியாவும் ஹக்கலையும் தாண்டி பஸ்ஸில இறங்கிறது. நான் ஒரு சில நாள் செய்து பாத்தன், கால் நல்லாப் பறக்குது, ஆனா பஸ்ஸில போய் வாற அலுப்பு ஒரு ஓட்டத்துக்குச் சமன். வண்டி இருக்கிறவைக்குச் சரிவரும்.

யாழ்ப்பாண வெக்கையில ஓடினது வீண் எண்டும் நினைக்காதேங்கோ. வெக்கைக்குப் பழகின உடம்பில ரத்தத்தின்ர பிளாஸ்மா, அதாவது நீர்ப்பகுதி, கூடும், அதுவும் ஓட்டத்துக்கு உதவும். மேல இருந்து வந்தவுடன இஞ்சத்த வெயில் ஆளைப் போட்டடிக்கும், ரெண்டு கிழமையாவது மெதுவா ஓடிப் பிறகு போட்டிக்குப் போங்கோ.

போக விருப்பமானவை மார்கழிக்குள்ள ஆக்களோட கதைச்சு றூமைப் பிடிச்சு வையுங்கோ. போகேக்க ஓடிப் பழசான, ஆனா அடி தேயாத சப்பாத்து வீட்டில கிடந்தா கழுவிக் கொண்டு போங்கோ, 7, 8 சைஸ் தான் அங்க கூடத் தேவைப்படுறது, சேரிட்டக் குடுத்தா ஆருக்கு எது அளவு எண்டு அவருக்குத் தெரியும்.