புருவ முடியும் பொய்ச் சீட்டும்

ஆய்வகங்களில் வளர்க்கும் சின்னஞ்சிறு எலிகன்ஸ் புழுவில், தொடுதலை உணராத வகை வேண்டும் என்று கேட்டேன். வந்த புழுவும் தொடுதலை உணரவில்லை. இருந்தும் அது வேறு புழு என்பது தெரிவதற்குள் செய்த வேலை பாதி வீணாகிவிட்டது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நான் கேட்டது மெக்-4 மரபணு நீக்கப்பட்ட வகை. மெல்லிய தொடுதலை உணரும் ஆறு நியூரான்களிலும் (நரம்புச் செல்கள்) அயனி வாயிலின், அதாவது மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் புரதக் கதவின், முக்கியமான பகுதியைத் தருவது அந்த மரபணு. அது இல்லாவிட்டால் நியூரான் சாகாது. தொட்டது மட்டும் அதற்குத் தெரியாது. வேறோர் ஆய்வகம் அனுப்பிய குழாயில் ‘நீக்க வகை’ என்றே சீட்டு ஒட்டியிருந்தது.

வளர்ப்பில் சிக்கல் இல்லை: தீனியாக பாக்டீரியா பரப்பிய அகார் கூழ்த் தட்டு, 20 டிகிரி செல்சியஸ். தொட்டுப் பார்ப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். பல்குத்தும் குச்சியில் புருவ முடியை ஒட்டி, மெல்லிய முனையால் உடலுக்குக் குறுக்கே வருட வேண்டும். 1981-இல் புழு ஆய்வாளர்கள் சால்ஃபியும் சல்ஸ்டனும் எழுதிய கட்டுரையிலும் இதே முடிதான். தலைப்பக்கம் வருடினால் புழு பின்வாங்கும். வால்பக்கம் வருடினால் முன்னே ஓடும். மூக்கைத் தொடாதீர்கள், அங்கே வேறு நியூரான்கள். அழுத்திக் குத்தினாலும் அப்படியே. ஒரே இடத்தை அடுத்தடுத்துத் தொட்டால் நல்ல புழுவும் பழகிப்போய் அசையாது. பக்கம் மாற்றித் தொடுங்கள். எந்தத் தட்டில் எந்த வகை என்பது தொடுபவருக்குத் தெரியவே கூடாது.

இதில் எந்தக் குறையும் இல்லை. இயல்பான புழு விலகியது, வந்த புழு கிடந்தது. சோதனை தேறிவிட்டது!

கலப்பில்தான் குட்டு உடைந்தது. தொடு நியூரான்கள் பச்சையாக ஒளிரும் ஆண் புழுக்களோடு சேர்த்தோம். (1994-இல் சால்ஃபி பச்சை ஒளிர் புரதத்தைப் புழுவில் ஒளிரவைத்ததும் இதே நியூரான்களில்தான், 2008 நோபலில் பங்கு வாங்கித் தந்த வேலை.) மரபணு வெறுமனே நீங்கியிருந்தால், தந்தையிடம் ஒரு நல்ல பிரதி பெற்ற இருபால் குட்டிகள் (விந்தும் முட்டையும் தாமே உண்டாக்குபவை) தொடுதலை உணர வேண்டும். பெரும்பாலானவை உணரவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், ஒளிர வேண்டிய செல்கள் பலவற்றைக் காணோம். வந்திருந்தது மெக்-4(டி): புரதத்தின் 713-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் பருத்த அமினோ அமிலம் உட்கார்ந்து, வாயில் மூடாமல், அயனிகள் புகுந்து செல் வீங்கிச் சாகும் வகை. நல்ல பிரதி ஒன்று உடன் இருந்தும் செல்லைக் காப்பாற்றாது.

அனுப்பியவர்களுக்கு எழுதினேன். தொடும் முறையைச் சரிபார்க்கச் சொன்னார்கள். புருவ முடியால் நியூரானைக் கொல்ல முடியாது என்று படங்களோடு பதில் போட்டேன். டிஎன்ஏ வரிசையையும் அனுப்பிய பிறகு ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் புதுக் குழாய் வந்தது.

இம்முறை முதல் வேலையாகப் பிசிஆர்: மரபணுத் துண்டைப் பல பிரதிகளாக்கி, கூழில் ஓடவிட்டு, பட்டையாகத் தெரியும் அதன் நீளத்தைப் பார்ப்பது. நீக்கம் இருந்தால் பட்டை சிறிதாக, கீழே தெரியும். ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் முழு நீளத்தில் நிற்கும். எங்களுடையது கீழே நின்றது. அதன் பிறகுதான் உறைபெட்டியில் வைத்தோம், பழைய சந்ததியைக் கிருமிநீக்கும் அழுத்தக் கலனில் போட்டு அழித்தோம்.