ஆர்பிஎம் முள்ளு

ஃப்ரெண்டோட வி8 கார்ல (எட்டு சிலிண்டர் 'V' வடிவத்துல இருக்குற இன்ஜின்) ஏறி உக்காந்துட்டு "டேய், ஸ்டார்ட் பண்ணுடா"ன்னேன்.

இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு சொல்ற ஆர்பிஎம் முள்ளைக் காட்டுனான். ஏற்கனவே ஓடிட்டு இருக்கு! சத்தமும் இல்ல, அதிர்வும் இல்ல.

1914ல கேடிலாக் கொண்டுவந்த வி8 இப்படி இல்ல. அதுல பிஸ்டனோட மேல-கீழ ஓட்டத்தைச் சுத்தலா மாத்துற க்ராங்க் ஷாஃப்ட்ல, பிஸ்டன் தண்டு மாட்டுற பின் (pin) எல்லாம் ஒரே தளத்துல இருக்கும், அதனால க்ராங்க் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள பிஸ்டன்லாம் சேர்ந்து இன்ஜினை ரெண்டு தடவ பக்கவாட்டுல உலுக்கிடும், சொகுசு கார்ல யாரு இதைப் பொறுத்துக்குவா?

1923ல பின்னையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரில இருக்குற மாதிரி மாத்தி, க்ராங்க்ல எதிர் எடையும் சேர்த்தாங்க. உலுக்கல் போச்சு. க்ராங்க் கனமாச்சு, அது வேற கதை.

வேகமா சுத்தணும்னு ஃபெராரி இன்னும் அந்தப் பழைய மாதிரி, பின் எல்லாம் ஒரே தளத்துல இருக்குற லேசான க்ராங்கைத்தான் வி8ல போடுறான். இன்ஜின் கத்துறதுக்கே காசு குடுக்குறவங்களும் இருக்காங்கல்ல.

எனக்கு என்னமோ இந்த அமைதிதான் பெரிய இன்ஜினியரிங்.